ரோபோவுக்கு ஃபைபர் கூடு: மோல்டு எடுக்கலாமா, நேராக மேட் ஒட்டலாமா?

கோவை_சக்கரம்

வணக்கம். கல்லூரிக்கு வருகிறவர்களை வரவேற்று வழிகாட்டும் ரோபோ ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். ஓடும் பகுதி தயார். அலுமினியம் புரொஃபைல் சட்டம், நடுவில் இரண்டு மோட்டார் சக்கரம், முன்னும் பின்னும் கேஸ்டர் (எல்லாப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரம்). உள்ளே 24 வோல்ட் பேட்டரி, மோட்டார் டிரைவர், ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி. தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் லைடார் (லேசரால் சுற்றிலும் தூரம் அளக்கும் சென்சார்), மேலே 10 அங்குலத் தொடுதிரை. மொத்த உயரம் 120 செ.மீ., அகலம் 45.

இப்போது ஒயரும் சட்டமும் வெளியே தெரிகின்றன. "இதை எப்படிப்பா வாசலில் நிறுத்துவது" என்கிறார் துறைத்தலைவர். ஃபைபரில் ஒரு உடம்பு செய்ய நினைக்கிறோம். எங்கள் குழுவில் யாரும் ஃபைபர் தொட்டதில்லை. தெர்மாகோலில் செதுக்கி அதன் மேலேயே மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் (இறுகும் பிசின்) போட்டுவிடலாமா, இல்லை மோல்டு (அச்சு) எடுத்துத்தான் செய்ய வேண்டுமா? எடை எவ்வளவு வரும்? மோட்டாருக்கு இன்னும் 6 கிலோ வரை தாங்கும்.

முப்பரிமாணி

2 மாதம் பிசுபிசுப்பில் கை வைப்பதற்குப் பதில் 3டி பிரின்டரில் போட்டுவிடுங்கள். துண்டு துண்டாக அடித்து ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் முடிந்தது. நாற்றம் இல்லை, அரிப்பு இல்லை.

பேட்டரி_பாண்டி

ஏசிபி ஷீட்டை (கடைப் பலகைகளுக்குப் போடும் அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) வெட்டி மடித்து நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் ஒரு நாள் வேலை. பீரோ மாதிரி இருக்கும், ஆனால் வேலை முடியும் :)

கடலோரப்_பட்டறை

தம்பி, முதலில் தெர்மாகோல் விஷயம். சாதாரணமாகக் கடையில் "ஃபைபர் ரெசின்" என்று கேட்டால் கொடுப்பது பாலியஸ்டர். அதில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மாகோலும் ஸ்டைரீனிலிருந்து வந்த சரக்குதான். ஆகவே ரெசின் பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து குழியாகும். நீங்கள் செதுக்கிய முகம் கண்ணெதிரே உள்ளே போய்விடும்.

தெர்மாகோல்தான் வேண்டும் என்றால் அதன் மேல் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அல்லது சுவருக்குப் பூசும் பட்டி பூசி, நன்றாகக் காயவிட்டு, எமரி பேப்பர் போட்டு, என்சி லேக்கர் (மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ்) அடித்து மூடிவிட்டு அதற்கு மேல் ரெசினுக்குப் போக வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ரெசின் அந்த வழியாக இறங்கி உள்ளே தின்னும். பியூ ஃபோம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. குளிர்பதன அறைச் சுவருக்குள் வைக்கிறார்களே, அந்த மஞ்சள் ஃபோம். அதைப் பாலியஸ்டர் கரைக்காது. சீவினால் தூசு பறக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மோல்டு. ஒரே ஒரு ரோபோ என்றால் மோல்டு வீண் செலவு. இன்னொன்று செய்யும் எண்ணம் இருந்தால், அல்லது இடித்து உடைந்தால் மாற்றுத் துண்டு வேண்டும் என்றால், மோல்டுதான். எத்தனை செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.

நெல்லை_கிளைடர்

ஒரு துண்டுதான் என்றால் எபாக்சியும் நெய்த கண்ணாடித் துணியும். எபாக்சி தெர்மாகோலைத் தொடாது. நாங்கள் மாடல் விமானத்துக்குச் செய்வது இப்படித்தான்: செதுக்கு, துணி போர்த்து, எபாக்சி தடவு, காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் தெர்மாகோலை அசிடோன் ஊற்றிக் கரைத்து எடு. (வெளியே, காற்றோட்டத்தில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல்.)

ஒரு எச்சரிக்கை. மேட்டையும் எபாக்சியையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். மேட் என்பது வெட்டிப்போட்ட இழைகளை ஒரு பசையால் பிடித்து வைத்தது. அந்தப் பசை ஸ்டைரீனில்தான் இளகும். எபாக்சியில் இளகாது என்பதால் மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் படியாது, வெள்ளை வெள்ளையாகக் காற்று தங்கும். எபாக்சிக்குத் துணி, பாலியஸ்டருக்கு மேட்.

எடைக்கு ஒரு தோராயக் கணக்கு. 45 செ.மீ. விட்டம், 1 மீட்டர் உயரம் என்று வைத்தால் பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர்.

பாலியஸ்டர் வழி: 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. ஒரு சதுர மீட்டருக்குக் கண்ணாடி 0.9 கிலோ. மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும், அது 2 கிலோ. ஜெல்கோட் (வெளியே தெரியும் முதல் ரெசின் பூச்சு) அரை மி.மீ., 0.6 கிலோ. கூட்டினால் 3.5. முழுக்கூடும் 5 கிலோவை ஒட்டி வரும். தடிமன் இரண்டரை மி.மீ.

எபாக்சி வழி: 200 கிராம் துணி மூன்று அடுக்கு. துணி தன் எடைக்குச் சமமாகத்தான் ரெசின் குடிக்கும், சதுர மீட்டருக்கு 1.2 கிலோ. முழுக்கூடும் 2 கிலோவுக்குள். ஆனால் தடிமன் முக்கால் மி.மீ.தான். அழுத்தினால் உள்ளே போகும். உள்பக்கம் விலா வைத்தே ஆக வேண்டும்.

முப்பரிமாணி

எடைக் கணக்கு அருமை. ஆனால் ஒரு கேள்வி: முகமும் திரைச் சட்டமும் துல்லியமாக வர வேண்டாமா? கையால் செதுக்கி 10 அங்குலத் திரை உட்காரும் அளவுக்குச் சதுரம் கொண்டுவந்துவிட முடியுமா?

வளைகோடு

நான் பொருள் வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பாதி சரி. 45 செ.மீ. உடம்பை 22 செ.மீ. பிரின்டரில் துண்டு போட்டால் எத்தனை ஒட்டு வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஒட்டையும் தேய்த்து மறைக்கிற நேரத்தில் ஃபோமில் முழு உடம்பையும் சீவிவிடலாம். பிரின்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு இளகும். வெயிலில் கார் டிக்கியில் வைத்து எங்காவது போட்டிக்குக் கொண்டுபோனால் வளைந்துவிடும்.

ஆனால் திரைச் சட்டம், லைடார் இடைவெளி, அவசர நிறுத்தப் பொத்தானின் இருக்கை, இவற்றைப் பிரின்டரில் அடித்து ஃபோம் பேட்டர்னுக்குள் (செதுக்கி வைக்கும் மாதிரி உருவம்) பதித்துவிடுங்கள். அளவு தேவைப்படும் இடத்தில் அளவு வரும், வளைவு தேவைப்படும் இடத்தில் கை போகும். ஃபைபர், பேட்டர்னில் இருப்பதை அப்படியே எடுத்துக் காட்டும். பேட்டர்னில் எமரிக் கோடு இருந்தால் கூட்டிலும் கோடு இருக்கும். மொத்த நேரத்தில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். மேட் போடுவது இரண்டு சாயங்காலம்.

ஏசிபி யோசனையைச் சிரித்துத் தள்ளாதீர்கள் என்றும் சொல்வேன். பின்பக்கம் தட்டையாக, திருகு கழற்றினால் மொத்தமாக வந்துவிடும் ஒரு ஏசிபி பலகை, முன்பக்கம் மட்டும் ஃபைபர் என்று செய்தால் பராமரிப்பு எளிது.

பேட்டரி_பாண்டி

பாருங்கள், பீரோவுக்கு மரியாதை வந்துவிட்டது.

கோவை_சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. துறைத்தலைவரிடம் பேசினேன். நூலக வாசலுக்கு இன்னொன்று வேண்டுமாம். ஆகவே இரண்டு. ஒருவேளை பிறகு மூன்று. மோல்டு என்று முடிவு செய்துவிட்டோம். கடலோரப் பட்டறை அண்ணா, ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள். மோல்டை எங்கே பிரிப்பது?

கடலோரப்_பட்டறை

சரி, அப்படியானால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

பிரிக்கும் கோடு: ரோபோவைப் பக்கவாட்டில் இருந்து பார். தோள், இடுப்பு எங்கே அதிகமாக வெளியே வருகிறதோ அந்தக் கோட்டில் முன்பாதி, பின்பாதி என்று பிரி. முன்பாதியை நேராக முன்னால் இழுத்தால் எதுவும் மாட்டக் கூடாது. மாட்டுகிற இடம் ஒன்று இருந்தாலும் மோல்டு பேட்டர்னைவிட்டு வராது, சுத்தியல் எடுக்க வேண்டி வரும். நேர்ச்சுவர் எல்லாவற்றுக்கும் 2, 3 டிகிரி சாய்வு கொடு. மூலை எதுவும் கூர்மையாக இருக்கக் கூடாது. 6 மி.மீ. ஆரமாவது வேண்டும். கூர்மூலையில் மேட் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் காற்று. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், விரல் நகத்தால் தட்டினால் ஜெல்கோட் மட்டும் உடைந்து விழும்.

பேட்டர்ன் பளபளப்பானதும், மோல்டு அதில் ஒட்டாமல் இருக்க மெழுகு. எங்கள் பக்கம் மான்ஷன் பாலிஷ்தான், தரைக்குப் போடுவது. தடவி, காயவிட்டு, துணியால் துடைத்துப் பளபளப்பாக்கு. புது பேட்டர்னுக்கு இப்படிப் பல தடவை, நடுவில் இடைவெளி விட்டு. அதற்கு மேல் பிவிஏ (ஒட்டாமல் தடுக்கும் திரவம்), ஸ்பாஞ்சால் மெல்லிசாக. காய்ந்தால் பிளாஸ்டிக் தாள் ஒட்டினது போல ஒரு படலம் தெரியும். அது தெரியாத இடத்தில் ரெசின் போடாதே.

பிரிக்கும் கோட்டில் பிளைவுட் அல்லது மைக்கா பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்து, முன்பாதி மோல்டை முதலில் எடு. அந்தப் பலகை மேல் படியும் 5 செ.மீ. அகல விளிம்புதான் பிறகு இரண்டு பாதியையும் போல்ட் போட்டுச் சேர்க்கிற காது. பலகையில் அரைக்கோலி அளவு களிமண் பொட்டு நான்கைந்து வைத்துவிடு. அது மோல்டில் குழியாகும், மறுபாதியில் மேடாகும். சேர்க்கும்போது தானாக இடத்தில் உட்காரும். மோல்டின் தடிமன் கூட்டைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். பேட்டர்னைவிட்டு எடுப்பதற்கு முன்பே வெளிப்பக்கம் மரச்சட்டம் வைத்து மேட் போட்டு இறுக்கிவிடு, இல்லையென்றால் மோல்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு எடு. வரவில்லை என்றால் பிளாஸ்டிக் ஆப்பு சொருகித் தண்ணீர் ஊற்று. பிவிஏ தண்ணீரில் கரையும், மோல்டு விட்டுக்கொடுக்கும்.

நெல்லை_கிளைடர்

ஹார்ட்னர் அளவையும் சொல்லிவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்குகிறார்கள்.

கடலோரப்_பட்டறை

சொல்கிறேன். இதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

ரெசினுக்கு இரண்டு மருந்து. ஒன்று கோபால்ட், கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். இன்னொன்று ஹார்ட்னர், தண்ணீர் போல இருக்கும், அதுதான் எம்இகேபி. இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. குபீரென்று தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். முதல் தடவை செய்கிறவர்கள் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், அந்தப் பாட்டிலே வீட்டுக்கு வர வேண்டாம்.

ஹார்ட்னர் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலுக்கு 1 போதும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் 1 மில்லி எடுத்தால் கணக்குச் சரி. அவசரப்பட்டு அதிகம் விட்டால் டப்பாவிலேயே கட்டியாகிப் புகையும். குறைத்துவிட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு தடவைக்கு 300, 400 கிராமுக்கு மேல் கலக்காதே. மழை நாளில் வேலை வேண்டாம், ஈரம் ஏறிய மேட் வெள்ளையாகவே நிற்கும்.

எம்இகேபி கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக மருத்துவமனை.

வளைகோடு

முகமூடி பற்றியும் ஒன்று. என்95 கண்ணாடித் தூசுக்கு உதவும், ஸ்டைரீன் ஆவிக்கு உதவாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வாங்குங்கள். விடுதி அறையில் இந்த வேலை கண்டிப்பாக வேண்டாம். எபாக்சிக்கு நாற்றம் குறைவு என்பதால் பலர் கையுறை இல்லாமல் தொடுகிறார்கள். அதன் ஹார்ட்னர் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தால் பெரும்பாலும் போகாது.

பேட்டரி_பாண்டி

இடையில் ஒரு வம்பு. ஃபைபரில் உடம்பு செய்தால் சின்ன இடியிலேயே உடையும் என்று எங்கள் மாமா சொல்வார். 80களில் பெங்களூருவில் சிபானி டால்ஃபின் என்று ஒரு ஃபைபர் கார் வந்ததே, அதைப் பார்த்தவர்.

கடலோரப்_பட்டறை

மாமாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்க ஃபைபர் படகுதான். தினமும் அலையில் அடி வாங்கி, மணலில் இழுபட்டு வருகிறது. உடைந்தால் உடைந்த இடத்தைத் தேய்த்து, இரண்டு மேட் போட்டு, மறுநாள் கடலுக்குப் போகிறார்கள். தகரம் நசுங்கினால் இப்படி ஒரு நாளில் சரி செய்ய முடியுமா?

நெல்லை_கிளைடர்

அமெரிக்காவில் முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், 1953, அதுவும் ஃபைபர் உடம்புதான். 300 கார், கையாலேயே. சரி, ரோபோவுக்கு வருவோம்.

கோவை_சக்கரம்

அண்ணா, மோல்டு வரை புரிந்தது. அதற்குள் கூடு போடும்போது ஜெல்கோட் எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்வது எப்படி? யூடியூபில் ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறார்கள்.

கடலோரப்_பட்டறை

நேரம் பார்க்காதே, விரல் பார். ஜெல்கோட்டில் விரலை வைத்து எடு. லேசாக ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. அதுதான் பதம். ஜெல்கோட்டின் மேல்முகம் காற்றுப் பட்டால் முழுதாகக் காயாது, அந்த ஒட்டல்தான் மேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் அவசரப்பட்டு ரெசின் போட்டால், அல்லது ஜெல்கோட் மெல்லிசாக அடித்திருந்தால், மேலே வரும் ரெசினின் ஸ்டைரீன் அதை ஊறவைத்துச் சுருக்கிவிடும். மோல்டைவிட்டு எடுத்த பிறகுதான் தெரியும், முதலைத் தோல் போல. பட்டி வைத்து மறைக்கலாம், ஆனால் அந்த இடம் பலவீனம்தான். அரை மி.மீ. சீராக வர வேண்டும். ஒரே தடவை தடிமனாகப் பூசினால் செங்குத்துச் சுவரில் வழியும். இரண்டு தடவையாகப் போடு.

அப்புறம் டிஷ்யூ மேட் ஒன்று. மேட்டின் இழை வெளியே கோடு தெரியாமல் அது மறைக்கும். பிறகு 300, பிறகு 450. இப்படிப் போட்டால் நெல்லைக்காரர் சொன்ன 5 கிலோ நாலரைக்குள் வந்துவிடும். முதலில் ரெசினைத் தடவு, அதன் மேல் மேட்டை வை, ரெசின் அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். பிரஷ்ஷால் இழுக்காதே, குத்திக் குத்தி எடு. இழுத்தால் இழை கலைந்து பிரஷ்ஷோடு வரும். பிறகு இரும்பு வாஷர் ரோலரை உருட்டு. வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். மேட்டைக் கத்தரியால் வெட்டாதே, ஓரத்தைக் கையால் பிய். பிய்த்த ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் மேடு தெரியாது.

ஓரம் வெட்டுவது ரப்பர் பதத்தில் இருக்கும்போதே. அப்போது பேப்பர் கத்தியே போதும். மறுநாள் என்றால் கிரைண்டர், தூசு, அரிப்பு.

முப்பரிமாணி

"கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு" என்பதையும் சேருங்கள். கிரைண்டர் ஓடுகிற இடத்தில் ஒரு நாள் சும்மா நின்றேன், இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

வளைகோடு

கூடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் சொல்வதை இப்போதே, பேட்டர்ன் சீவும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று, வெப்பம். ஃபைபர் வெப்பத்தைக் கடத்தாது. திறந்த சட்டத்தில் ஜம்மென்று ஓடிய மோட்டார் டிரைவர் கூட்டுக்குள் வேகும். ராஸ்பெர்ரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரோபோ யோசித்து யோசித்துப் பேசும். அடியில் காற்று நுழைய வழி, முதுகின் மேற்புறம் ஒரு ஃபேன். வெளியேற்றும் துளைகளைத் திரைக்குப் பின்னால் மறைத்தால் அழகு கெடாது.

இரண்டு, லைடார். ஃபைபருக்குப் பின்னால் வைத்தால் அதற்கு எதுவும் தெரியாது. 25 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் ஒரு பிளவு வேண்டும். அதாவது உங்கள் கூடு அந்த இடத்தில் மேல், கீழ் என்று இரண்டாகிவிடுகிறது. மேல்பாதி எதன் மேல் நிற்கும்? சட்டத்தின் தூண்கள் மேல்தான். அந்தத் தூண்கள் எத்தனை டிகிரியை மறைக்கின்றன என்று பார்த்து மென்பொருளில் அந்தக் கோணங்களை நீக்கிவிடுங்கள். வைஃபை ஆன்டெனா பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடி இழை வழியே அலை தாராளமாகப் போகும். கார்பன் ஃபைபர் ஆசை வந்தால்தான் சிக்கல், அது தடுக்கும்.

மூன்று, சுமை. கூடு எதையும் தாங்கக் கூடாது. திரை, ஸ்பீக்கர் எல்லாம் சட்டத்தில் மாட்டப்பட்டு, கூட்டின் துளை வழியே எட்டிப்பார்க்க வேண்டும். கூட்டில் திரையை மாட்டினால், கூட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஒயரையும் கழற்றுவீர்கள். தெரிந்த கல்லூரி ஒன்றில் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய கூட்டில் பேட்டரிக் கதவே இல்லை. சார்ஜ் போட இரண்டு பேர் மொத்தக் கூட்டையும் தூக்குகிறார்கள்.

கோவை_சக்கரம்

அக்கா, மூன்றாவதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வரைபடத்தை மாற்றுகிறோம். கூட்டைச் சட்டத்தோடு எப்படிப் பிடிப்பது? நேராகத் துளை போட்டுத் திருகலாமா?

நெல்லை_கிளைடர்

இரண்டரை மி.மீ. ஃபைபரில் திருகு மரை நிற்காது. கழற்றிக் கழற்றி மாட்டினால் துளை பெரிதாகும். உள்பக்கம் 12 மி.மீ. பிளைவுட் கட்டையில் டி-நட் (மரத்தில் பதியும் நட்) அடித்து, அந்தக் கட்டையை இரண்டு அடுக்கு மேட்டால் மூடிப் பதித்துவிடுங்கள். அல்லது போல்ட் தலையை உள்பக்கம் எபாக்சியில் ஒட்டி மேலே துணி போர்த்துங்கள். ஒட்டும் இடத்தை எமரியால் நன்றாகக் கீற வேண்டும், மெழுகு மிச்சம் இருந்தால் எதுவும் பிடிக்காது.

வெளியே இருந்து போட்டே ஆக வேண்டிய திருகுகளுக்குத் துளையைத் திருகைவிட 2 மி.மீ. பெரிதாக வைத்து ரப்பர் வாஷர் கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் துளையிலிருந்து நட்சத்திரம் நட்சத்திரமாக ஜெல்கோட் வெடிக்கும்.

கோவை_சக்கரம்

கடைசியாக ஒன்று. வெட்டு வேலை, துளைகள் எல்லாம் பெயின்ட்டுக்கு முன்பா, பின்பா? ஜெல்கோட்டிலேயே நிறம் கலந்துவிட்டால் பெயின்ட் வேண்டாம் என்கிறார் ஒரு சீனியர்.

கடலோரப்_பட்டறை

படகுக்கு ஜெல்கோட் நிறமே போதும். உங்களுக்கு இரண்டு பாதி சேரும் கோட்டை உள்ளே மேட் போட்டு ஒட்டி, வெளியே பட்டி பார்த்து மறைக்க வேண்டியிருக்கும், அதனால் பெயின்ட் தப்பாது. லைடார் இடத்தில் சுற்றிலும் வெட்டி மேல், கீழ் என்று பிரிப்பது பாதிகளை ஒட்டிய பிறகுதான். ஜெல்கோட்டை வெள்ளையாகவோ சாம்பலாகவோ போடு, பேட்டர்ன் குறைகள் அதில் நன்றாகத் தெரியும். வெட்டு, துளை எல்லாம் பெயின்ட்டுக்கு முன்பு. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை ஜெல்கோட் பக்கத்திலிருந்து இறக்கு, உள்ளேயிருந்து குத்தினால் வெளியே சில்லு பெயரும். வெட்டிய ஓரத்தில் இழை நீட்டிக்கொண்டு நிற்கும், வருகிற பிள்ளைகள் தடவிப் பார்க்கிற ரோபோ இது, அந்த ஓரங்களை 220 பேப்பரால் தேய்த்து ஒரு கை ரெசின் பூசி மூடிவிடு. அதற்கு மேல் பிரைமர், 400, 800, பிறகு கார் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை.

பேட்டரி_பாண்டி

பின்கதவுக்கு ஏசிபி உறுதிதானே?

கோவை_சக்கரம்

உறுதி. மோல்டில் பின்பாதியின் நடுவில் கதவு அளவுக்கு ஒரு படி வைக்கிறோம், ஏசிபி அதில் உட்காரும். சார்ஜிங் சாக்கெட்டும் அவசர நிறுத்தப் பொத்தானும் கூட்டுக்கு வெளியே. அடுத்த வாரம் பியூ ஃபோம் வருகிறது.